கேட் பக்கத்து இடம்

எய்யா,

நீ பாண்டுப்புக்குக் குடிபோன அன்று உன் வண்டி கிளம்பிய சத்தம் எனக்குக் கேட்கவில்லை. அடுப்படியில் நின்று பருப்புப் பொடியை டப்பாவில் அடைத்துக்கொண்டிருந்தேன். மூடி சரியாக இறுகவில்லை என்று அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் பையையும் சுற்றினேன். சாமான் ஏற்றிய டெம்போ உறுமிக்கொண்டு முதலில் போனது கேட்டது. வாசலில் நின்று "வரேம்மா" என்று நீ சொன்னதும் கேட்டது. கீழே போய் வண்டியை எடுப்பாய், எடுக்கும்போது தெரியும், ஓடிப்போய்க் கொடுத்துவிடலாம் என்று இருந்துவிட்டேன். வண்டிச் சத்தத்தை வைத்தே பொழுதை ஓட்டிய காது இது. உன் அப்பாவின் டாக்ஸி ஸ்டேஷன் பக்கம் திரும்பும்போதே உலையை இறக்கி வடிக்க ஆரம்பித்தவள் நான். உன் புது வண்டிக்குச் சத்தமே கிடையாது என்பது அந்த நேரத்தில் மறந்துபோயிற்று. டப்பாவோடு நான் இறங்கி வந்தபோது வாட்ச்மேன் கேட்டைச் சாத்திக்கொண்டிருந்தார். "கயா, மாஜி" என்றார். போய்விட்டான் என்று.

போன் செய்தால் "ஹாங் மா, மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் பண்றேன்" என்கிறாய். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். தமிழில் எழுதுகிறேன். சின்ன வயதில் தாராவிப் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழை வைத்து நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும். ஆனால் எனக்கு இந்தியில் பேரம் பேசவும் சண்டை போடவும்தான் வரும். இன்றைக்கு இரண்டும் செய்யப்போவதில்லை. மெதுவாகப் படி. வேகமாகப் படித்தால் உனக்குக் கோபம் வரும், நீ அப்பா பிள்ளை.

நடந்தது என்னவென்றால், உன் மின்சாரக் காருக்கு நம் கட்டடத்துச் சொசைட்டியில் ஒரு சார்ஜர் வைத்துக்கொள்ள அனுமதி கேட்டாய். சேர்மன் என்ற முறையில் நான் கூடாது என்று கை தூக்கினேன். நீ வீட்டை விட்டுப் போய்விட்டாய். மன்னிப்புக் கேட்கத்தான் அம்மா எழுதுகிறாள் என்று நினைத்துப் படிக்க ஆரம்பித்திருந்தால் இப்போதே சொல்லிவிடுகிறேன், அதற்கு இல்லை. அந்தக் கையை இன்னொரு தடவையும் அப்படியேதான் தூக்குவேன். ஆனால் அன்றைக்குச் சபையில் நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. அந்தப் பதிலைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

கொஞ்சம் சுற்றித்தான் வருவேன். ஸ்கூல் வேன் ஓட்டியவளுக்கு நேர்வழி தெரியாது, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்றுதான் போகவேண்டும்.

மற்ற வீடுகளில் அரசியல் பேசிச் சண்டை போடுவார்கள். நம் வீட்டில் என்ஜின் எங்கே இருக்கவேண்டும் என்று சண்டை. நினைவிருக்கிறதா? உன் அப்பாவுக்குக் கறுப்பு மஞ்சள் டாக்ஸிதான் வேதம். "எஞ்சின் முன்னால இருக்கணும், இழுவை பின்சக்கரத்துல இருக்கணும். அதாம்ல வண்டி. மத்ததெல்லாம் விளையாட்டுச் சாமான்" என்பார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. ஆளும் மூட்டையும் ஏறினால் பாரம் பின்சக்கரத்தின்மேல் அழுத்தும், அழுத்தினால் சக்கரம் தரையை விடாது, மேட்டில் ஏறும். ஆனால் முன்னால் இருக்கிற என்ஜின் பின்சக்கரத்தைச் சுற்றவேண்டுமானால் நடுவில் நீளமாக ஒரு இரும்புத் தண்டு ஓடவேண்டும். அந்தத் தண்டுக்காக வண்டித் தரையின் நடுவே ஒரு மேடு. செம்பூர் முருகன் கோவிலுக்குக் குடும்பத்தோடு போகும்போதெல்லாம் உன் இரண்டு அக்காக்களும் ஜன்னல் ஓரம் பிடித்துக்கொள்வார்கள். கடைக்குட்டியான நீ நடுவில், அந்த மேட்டில் காலை வைத்து, முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருப்பாய்.

"எப்பவும் மேட்டுக்கு நான்தானா?" என்று கேட்பாய்.

"நீதாம்ல சின்னவன். கால் நீண்ட பொறவு மாத்திக்கிடலாம்" என்பார் அப்பா.

உன் கால் நீண்டது. அதற்குள் அந்தப் பழைய டாக்ஸிகளுக்கு வயதாகிவிட்டது என்று தெருவிலிருந்தே எடுத்துவிட்டார்கள். நீ ஜன்னல் ஓரத்தில் உட்காரவே இல்லை.

என் வேன் வேறு ஜாதி. அதில் என்ஜின் என் சீட்டுக்குக் கீழே. முன்மூக்கு கிடையாது, அதனால் குறுகலான சந்தில்கூடத் திருப்பிவிடலாம், உள்ளே நிறையப் பிள்ளைகளை ஏற்றலாம். சூடு மட்டும் எனக்கு. அக்டோபர் வெயிலில் மாட்டுங்கா பள்ளிக்கூட வாசலில் மணி அடிக்கக் காத்திருக்கும்போது தோசைக்கல்லில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். கோணிச்சாக்கை நாலாக மடித்துப் போட்டுப் பார்த்தேன், ஈரத் துண்டு போட்டுப் பார்த்தேன். ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றவேண்டுமென்றால் நான் இறங்கிச் சீட்டையே தூக்கவேண்டும். அதைப் பார்த்துவிட்டு உன் அப்பா கட்டடம் முழுக்கக் கேட்கும்படி சொல்வார்: "பாருங்கல, உங்கம்மை எஞ்சின்மேல உக்காந்து அடைகாக்குதா. என்னைக்குக் குஞ்சு பொரிக்குமோ!" ஆனால் மழைக்காலத்தில் கதை மாறும். கிங்ஸ் சர்க்கிளில் தண்ணீர் தேங்கி, பிள்ளைகள் நனைந்துகொண்டு ஓடிவந்து ஏறினால், முன்சீட்டுக்கு அடிதடி நடக்கும். "ஆன்ட்டி, இன்னிக்கு என் டர்ன்" என்று கத்துவார்கள். ஷூவைக் கழற்றிவிட்டு ஈர சாக்ஸோடு அந்தச் சூட்டில் காலை வைத்துக்கொண்டு ஒரு சிரிப்புச் சிரிப்பார்கள் பார். அந்தச் சிரிப்புக்காகவே நான் அந்த வேனை மாற்றவில்லை.

அதற்குப் பிறகு வந்த கார்களில் என்ஜினைக் குறுக்கே திருப்பி வைத்து, முன்சக்கரமே இழுக்கும்படி செய்துவிட்டார்கள். தண்டும் போயிற்று, மேடும் தாழ்ந்தது. அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "எஞ்சினும் முன்னால, இழுவையும் முன்னால, திருப்பமும் முன்னால. ஒரே ஆளு சமைச்சு, பரிமாறி, ஏனத்தையும் கழுவுனா வெளங்குமா?" என்றார். "அதைத்தானே இந்த வீட்டுல நான் தெனமும் பண்ணுதேன்" என்றேன். அன்றைக்கு ராத்திரி பாத்திரம் கழுவியது அவர்தான்.

நீ முதல் வேலைக்குச் சேர்ந்ததும் செகண்ட்ஹேண்டாக ஒரு சின்னக் கார் வாங்கினாய், என்ஜின் பின்னால் இருக்கும். அதில்தான் நேஹா வீட்டில் கல்யாணம் பேசி முடிக்கப் புனேவுக்குப் போனோம். மலைப்பாதையில் அது நன்றாகத்தான் ஏறியது. பின்சீட்டில் எங்கள் இருவருக்கும் முதுகில் சூடு, காதில் இரைச்சல். அப்பா என் காதில், "முதுகுக்குப் பின்னால பேசுத சொந்தக்காரன் மாதிரில்லா இருக்கு" என்றார். சம்பந்தி வீட்டு வாசலில் இறங்கும்வரை சிரித்துக்கொண்டே போனோம். எதற்குச் சிரித்தோம் என்று நீ கேட்டாய், சொல்லவில்லை. இப்போது தெரிந்துகொள்.

இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன் என்றால், இத்தனை வண்டியில் ஏறி இறங்கி எனக்குப் புரிந்தது ஒன்றுதான். என்ஜினை முன்னால் வை, பின்னால் வை, சீட்டுக்கு அடியில் வை, அதன் சூடோ மேடோ யாராவது ஒருவருக்குப் போய்ச் சேரும். வண்டியைச் செய்கிறவன் அதை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்கிறான். நம் டாக்ஸியில் அது உனக்கு வந்தது, என் வேனில் எனக்கு.

அதனால்தான் நீ மின்சாரக் காரை வீட்டுக்குக் கொண்டுவந்த நாள் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. முன்மூடியைத் திறந்து காட்டினாய், உள்ளே பை வைக்க இடம். "பாரும்மா, எஞ்சினே இல்ல. சூடு இல்ல, சத்தம் இல்ல, மேடு இல்ல" என்றாய். அப்பா பின்சீட்டில் ஏறி, நடுவில் காலால் துழாவித் துழாவிப் பார்த்தார். தரை சமமாக இருந்தது. "எலே, இப்பம் நடுவுல யாரு வேணும்னாலும் உக்காரலாம்ல" என்றார். மாட்டுங்காவுக்குப் போய்க் காப்பி குடித்து, எனக்கும் நேஹாவுக்கும் பூ வாங்கிக்கொண்டு வந்தோம். அப்படி ஒரு வண்டியில் ஒரு ராஜாத்தி போலப் போனேன் என்று அடுத்த நாள் கட்டடத்தில் எல்லோரிடமும் சொன்னேன்.

சார்ஜ் போடத்தான் இடம் இல்லை. வேலை முடிந்து மால் கீழ்த்தளத்தில் வரிசையில் நின்று, போட்டுவிட்டு வந்து, மறுபடி போய் எடுத்துவந்து, நீ அலுத்துப்போனாய். வீட்டில் சார்ஜர் இல்லாவிட்டால் இந்த வண்டி பாதி வண்டிதான் என்றாய். அது உண்மை. புதுக் கட்டடங்களில் கட்டாயம் வைக்கவேண்டும் என்கிறார்கள், நம் சொசைட்டி மட்டும் என்ன என்றாய். அதுவும் உண்மை. ஃபிளாட் என் பெயரில் இருப்பதால் மனுவும் என் பெயரில்தான் போகவேண்டும் என்று நீட்டினாய். தூண்களுக்கு நடுவில் உனக்கு இந்த வருஷம் சீட்டுக் குலுக்கலில் விழுந்த இடத்தில், சுவரோடு ஒரு சார்ஜர், மீட்டர் ரூமிலிருந்து அதற்கு ஒரு கம்பி. நான் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன்.

சொசைட்டி மீட்டிங் நடந்த அன்று காலை, தரைத்தளத்து ஷிண்டே காக்கூ என்னைக் கூப்பிட்டாள். கட்டடத்துக்கே சித்தி முறையான காக்கூவை உனக்குத் தெரியும். மீட்டர் ரூமுக்கு அடுத்த வீடு. ஒரு சைக்கிள்கூட இல்லாத வீடு. அதனால்தான் ஜனவரி இருபத்தாறாம் தேதி கொடி ஏற்றி, சமோசா தின்று முடித்ததும், யார் வண்டிக்கு எந்த இடம் என்று சீட்டுக் குலுக்கிப் போடும்போது எவர்சில்வர் டப்பாவிலிருந்து சீட்டை எடுப்பது எப்போதும் அவள்தான். அவள் எடுத்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அன்றைக்கு உள்ளே கூட்டிப்போய், என் கையைப் பிடித்து அவள் கட்டிலுக்குத் தலைமாட்டுச் சுவரில் வைத்தாள். சுட்டது. மேலே எல்லார் வீட்டு ஏசியும் ஓடுகிற மாதம். பழைய கேபிள். சுவருக்கு அந்தப் பக்கம் அவ்வளவும் ஒரே அறையில். அவள் தலையணையைக் கால்மாட்டுக்கு மாற்றியிருந்தாள்.

எனக்கு அந்தச் சூடு நன்றாகப் பழக்கம், எய்யா. இருபது வருஷம் அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தேன். உன் வண்டியில் என்ஜின் இல்லை என்றாயே, அது எங்கேயும் போய்விடவில்லை. காக்கூவின் தலைமாட்டுக்கு வந்திருந்தது.

அதை உன்னிடம் சொல்லிவிட்டு மீட்டிங்குக்குப் போயிருக்கலாம் என்று அப்பா இன்றைக்கும் சொல்கிறார். "ஏட்டி, பெத்த பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுக் கையைத் தூக்கக் கூடாதா?" என்கிறார். நீ ஆபீசிலிருந்து நேரே மீட்டிங் நடந்த மாடிக்கே வந்துவிட்டாய், சபை கூடிவிட்டது. அங்கே வைத்துக் காக்கூ பெயரைச் சொன்னால், பத்துப் பேர் அவள் வீட்டுக்குள் போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்து, ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று அவளையே கேட்பார்கள். நம் ஆட்களை எனக்குத் தெரியாதா? அதனால் கேபிள் பழசு, ஒரு இடத்தை ஒருவருக்கே கொடுத்தால் சீட்டுக் குலுக்குவதற்கு அர்த்தம் இல்லை என்று மட்டும் சொன்னேன். கைகள் சரிபாதியாக நின்றன. மிச்சம் சேர்மன் கை. நான் கையெழுத்துப் போட்ட மனுவுக்கு எதிராக நானே தூக்கினேன்.

அப்போதுதான் நீ எழுந்து நின்றாய். என்னைப் பார்த்து, "மேடம், ஆப்கே வேன் கீ சிட்டி கப் நிக்லீ?" என்றாய். உங்கள் வேனுக்கு எப்போது சீட்டு விழுந்தது என்று. மேடம் என்றாய். எத்தனையோ பேர் என்னை மேடம் என்று கூப்பிட்டிருக்கிறார்கள், அப்போதெல்லாம் பெருமையாக இருக்கும். அன்றைக்கு அப்படி இல்லை. ஏனென்றால் நீ கேட்டது சரியான கேள்வி. இந்தக் கட்டடத்தில் எல்லா வண்டிக்கும் வருஷா வருஷம் சீட்டு, என் வேனுக்கு மட்டும் கிடையாது. கேட் பக்கத்தில் அதே இடம், இருபது வருஷத்துக்கும் மேலாக. சுவரைப் பிடித்துக்கொள்ளக் கூடாது என்று மகனுக்குச் சொன்னவள், கேட்டையே பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

இப்போது பதிலைச் சொல்கிறேன். என் வேனுக்குச் சீட்டு விழவே இல்லை. கொடுத்தார்கள். நாம் தாராவியை விட்டு இங்கே வந்த புதிதில் நானும் எல்லோரையும் போலச் சீட்டுத்தான் எடுத்தேன். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் விழுந்தது. விடியும்முன் வேனை எடுக்கவேண்டும், முன்னால் யார் வண்டியாவது மறித்து நிற்கும். ஒவ்வொரு கதவாகத் தட்டி எழுப்புவேன், தாமதமாகப் போய்ப் பெற்றோர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்வேன். இரண்டு வீட்டுக்காரர்கள் பிள்ளையை வேனிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அடுத்த மீட்டிங்கில் நான் எதுவும் கேட்கவில்லை, கேட்கவும் தெரியாது. காக்கூதான் எழுந்தாள். "திச்சா தந்தா ஆஹே, திலா கேட்ஜவள் த்யா" என்றாள். அது அவள் பிழைப்பு, அவளுக்குக் கேட் பக்கத்தில் கொடுங்கள் என்று. வண்டியே இல்லாதவள், யாருடைய இடத்தையோ எடுத்து எனக்குக் கொடுக்கச் சொன்னாள், ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. நீ அப்போது என் மடியில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாய். அந்த இடத்தில் நின்ற வேன்தான் உன்னைக் காலேஜ் வரைக்கும் படிக்க வைத்தது. இப்போது அவள் தலைமாட்டில் இன்னொரு கம்பியை இழுக்க நான் எப்படிக் கை தூக்குவேன்?

ஆனால் பதிலில் இன்னொரு பாதி இருக்கிறது. அதை நீ கேட்காமல் இருந்திருந்தால் நான் யோசித்திருக்கவே மாட்டேன். பிழைப்புக்கென்று கொடுத்த இடம் அது. என் பிழைப்பு முடிந்து எத்தனை நாளாயிற்று? முட்டி வலியோடு சாவியைக் கழற்றி ஆணியில் மாட்டிய நாளே அந்த இடத்தையும் கழற்றிக் கொடுத்திருக்கவேண்டும். வேன் அங்கேயே நின்றது, காக்கா எச்சம் வாங்கிக்கொண்டு. யாரும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. நீ கேட்டாய். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் உன்மேல் இல்லை என்பதை நீ நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி.

நீ போன மறுநாளே நான் மாடி மாடியாக, வீடு வீடாக நடக்க ஆரம்பித்தேன். முட்டி என்னைத் திட்டியது. மின்சாரக் கம்பெனி ஆட்களை வரவழைத்துக் காட்டினோம். தெருவிலிருந்து கேட் பக்கமே தனியாக ஒரு கேபிள் இறக்கி, தனி மீட்டர் வைக்கலாம், மீட்டர் ரூமைத் தொடவே வேண்டாம் என்றார்கள். ரூமின் பழைய கேபிளையும் மாற்றச் சொன்னார்கள், மாற்றியாகிவிட்டது. கார் இல்லாத வீட்டுக்காரர்கள், எங்களுக்கு எதற்கு இந்தச் செலவு என்று முகத்தைத் திருப்பினார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன், அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். காக்கூ தன் வாசலில் நின்றுகொண்டே, "மீ கதீ லிஃப்ட்மத்யே சட்லே? பைசே திலே நா?" என்றாள். நான் என்றைக்கு லிஃப்டில் ஏறினேன், காசு கொடுத்தேனா இல்லையா என்று. முகம் திருப்பிய மூன்றாம் மாடிக்காரர்களும் சம்மதித்தார்கள்.

ஆக, தீர்மானம் இது. இனி இந்தக் கட்டடத்தில் யார் மின்சார வண்டி வாங்கினாலும் சொசைட்டி இல்லை என்று சொல்லக்கூடாது, சார்ஜ் போட வழி செய்தே ஆகவேண்டும். சார்ஜர் கேட் பக்கத்தில் நிற்கும். அந்த இடம் சீட்டில் சேராது, யாருக்கும் சொந்தமும் இல்லை. முறை வைத்துப் போட்டுக்கொள்ளவேண்டும், சார்ஜ் ஏறி முடிந்ததும் வண்டியை எடுத்துவிடவேண்டும். நாளைக்கு இந்தக் கட்டடத்தை இடித்துக் கட்டினால் ஒவ்வொரு இடத்துக்கும் கம்பிக்குழாய் பதித்தே கட்டவேண்டும். கட்டாயம் என்ற சொல் எனக்குப் பிடிக்காது என்று உனக்குத் தெரியும். ஆனால் ஒருவன் தனியாகக் கேட்டால் அது அவன் பிடிவாதமாகத் தெரிகிறது, எல்லோருக்கும் கட்டாயம் என்று வைத்துவிட்டால் யாரும் யாரிடமும் கெஞ்சவேண்டியதில்லை. இதை எனக்குப் புரியவைத்தது நீதான். நீ கேட்டதில் தப்பில்லை, உனக்கு மட்டும் கேட்டாய், அவ்வளவுதான் குறை. புது வீட்டில் சார்ஜர் வசதியெல்லாம் தயாராக இருக்கிறதாமே, நேஹா சொன்னாள். நல்லது. அந்தக் கம்பி யார் வீட்டுச் சுவரை ஒட்டிப் போகிறது என்று ஒருநாள் இறங்கிப் பார். அங்கேயும் ஒரு காக்கூ இருப்பாள். பழகி வை.

வேனைப் போன வாரம் கொடுத்துவிட்டோம். உடைத்து எடுப்பவர்கள்தான் வாங்கினார்கள். கட்டி இழுத்துப் போகிறோம் என்றார்கள், உன் அப்பா விடவில்லை. வேறொரு வண்டியின் பேட்டரியிலிருந்து கம்பி கொடுத்து, என்னைச் சீட்டில் உட்காரச் சொன்னார். "ஏட்டி, நீயே எடு. அடைகாத்தது நீதானே" என்றார். நாலாவது தடவையில் பிடித்துக்கொண்டது. அப்படி ஒரு சத்தம்! எல்லா ஜன்னலிலும் தலை தெரிந்தது. கேட்டைத் தாண்டித் தெருவில் நிறுத்திச் சாவியைக் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே வந்தேன். சீட்டின் சூடு வீடு வந்து சேரும்வரைக்கும் இருந்தது. அழுதேன், ஒளிப்பானேன். உன் அப்பா மூக்கைச் சிந்திவிட்டு, எல்லாம் புகை என்றார்.

இப்போது அந்த இடத்தில் ஒரு எண்ணெய்க் கறை இருக்கிறது, என்ன போட்டுத் தேய்த்தும் போகவில்லை. அதற்கு மேலே காம்பவுண்ட் சுவரில் சார்ஜர் பெட்டி வந்துவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல் வேலை செய்யும். கட்டடத்தில் மின்சார வண்டி வைத்திருக்கிறவர்கள் இப்போதைக்கு யாரும் இல்லை. இருந்த ஒருவனும் பாண்டுப்பில் இருக்கிறான்.

ஒரு விஷயம். தீர்மானத்தின் கடைசியில் ஒரு வரி நான் சேர்த்தேன். வெளியே குடியிருக்கும் உறுப்பினர்களின் பிள்ளைகளும் வந்து சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று. செக்ரட்டரி கணபதி மாமா எழுதிக்கொண்டே வந்தவர் பேனாவை நிறுத்தினார். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "ஏம்மா, இது பொது விதியா, இல்லே உங்காத்து விதியா?" என்றார். "எழுதுங்க மாமா, எல்லார் வீட்டுலயும் பிள்ளைங்க வெளியதான இருக்கு" என்றேன். அவர் மகன் பெங்களூரில். அப்படியே எழுதிக்கொண்டார். ஒருவரும் எதிர்த்துக் கை தூக்கவில்லை.

நீ முன்னெல்லாம் அக்கா வீட்டுக்குப் பெட்ரோல் வண்டியில் போவாய். ஒரு காப்பி, எழுந்துவிடுவாய், "கிளம்புறேன், டிராஃபிக் ஆயிடும்" என்பாய். இந்தப் பெட்டி அப்படி இல்லையாம். வீட்டில் போடுகிற சாதாரண சார்ஜர், மெதுவாகத்தான் ஏறுமாம். சாப்பிட்டு, ஒரு தூக்கம் தூங்கி, அப்பாவோடு என்ஜின் சண்டை ஒன்று போட்டு முடித்தாலும் நிறையாதாம். வேகமாக ஏற்றுகிற பெட்டியும் இருக்கிறது, போடட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம், இதுவே போதும் என்று சேர்மன் என்ற முறையில் சொல்லிவிட்டேன்.

பருப்புப் பொடி அலமாரியில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நேஹாவையும் கூட்டிக்கொண்டு வா. பாண்டுப்பிலேயே நிறைத்துக்கொண்டு வந்து நிற்காதே, எய்யா. சார்ஜைக் குறைத்துக்கொண்டு வா.

உன் அம்மா